லேஞ்சி போட்டுப் பிடித்த இடம்

பரமேஸ்வராச் சந்தியில், பைண்டிங் கடைக்கு மேல்,
மங்களேஸ்வரன் அண்ணையின் தட்டச்சு அறை.
நிதுர்சனின் ஆய்வேடு திங்களே வந்துவிட்டது:
சின்ன வெங்காயத்தில் ஊதாப்புள்ளி நோய்.
கடைசிப் பதினொரு பக்கமும் உசாத்துணை,
இருநூற்றுப் பன்னிரண்டு இணைப்பு.
எது உயிரோடு, எது செத்தது என்று
பார்த்துச் சொல்ல எனக்கு
ஒன்றுக்கு ஐந்து ரூபா.

முதல் நாள் விசரி மாதிரி
இடது பொத்தானையே அமத்தினேன்.
இருந்த பக்கம் போய்விடும், வந்த பக்கம் நிற்கும்.
திரும்பி வந்தால் தலைப்பிலிருந்து தொடங்கு.
நாற்பத்தேழா, நாற்பத்தெட்டா?
காசு எண்ணிக்கொண்டிருந்தவளை
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.

வலது பொத்தான் மரியாதையானது.
ஒரு பட்டியலை நீட்டும்,
புதிய தாவலில் திற என்பது முதல் வரி.
என்றாலும் இருநூறு தரம்
கேள்விக்குப் பதில் சொல்ல
மனுசருக்குப் பொறுமை வேணும்.

சில்லை அமத்தடி என்றாள் பிறேமிளா,
மவுஸின் முதுகில் கிடக்கிற அந்தச் சின்னச் சில்லை.
உருட்டாதை. அமத்து.

அமத்தினேன்.
சத்தமில்லாமல் பின்னுக்கு ஒன்று திறந்தது.
நான் நின்ற வரி நின்ற இடத்திலேயே.
ஓடுகிற பஸ்ஸுக்கு யன்னலால் லேஞ்சியை எறிந்து
சீற் பிடிக்கிற மாதிரி,
ஆள் இன்னும் தரையில்,
இடம் ஏற்கெனவே உள்ளே.

அன்றைக்கு அறுபது லேஞ்சி எறிந்தேன்.

மூன்றாம் நாள் சில்லு செத்தது.
வீதி போடுகிறார்கள், எல்லாவற்றுக்குள்ளும் தூசி.
பிறகு இடக்கைச் சுண்டுவிரல் கொன்ட்ரோலில் குடியிருந்தது,
வலக்கை சொடுக்கிக்கொண்டே போனது.
ஷிஃப்ற்றும் சேர்ந்து பட்டால்
திறந்தது முன்னுக்கு வந்து நிற்கும்,
சொல்லாமல் வந்த சம்பந்தி மாதிரி.
தவறி மூடினாலும் பயமில்லை,
கொன்ட்ரோல், ஷிஃப்ற், ரீ.
போனது வரும்.
எனக்குத் தெரிந்து அப்படி வருகிற வேறொன்றும் இல்லை.

தாவல் என்று தமிழில் பேர் வைத்தவருக்கு நன்றி.
ஒன்றும் தாவவில்லை.
எல்லாம் மேலே வரிசையாய்க் குந்திக்கொண்டிருக்கு,
பேர் குறுகி, முதலெழுத்துக் குறுகி,
ஒரு புள்ளியளவு படம் மட்டும் மிஞ்சி.

இடப்பக்கம் முதலாவது வெங்காயம் இல்லை.
தியத்தலாவையில் நிலஅளவைப் படிப்பு, விண்ணப்பம்.
மூன்று பெட்டி நிரப்பினேன்:
பெயர், அடையாள அட்டை, பிறந்த திகதி.
நாலாவது கேட்டது,
வெளிமாவட்டத்தில் தங்கச் சம்மதமா?
பதினொரு நாளாய்
லேஞ்சி மட்டும் இருக்கு, ஆள் இல்லை.

மூன்று பத்துக்குக் கரண்ட் போனது.
கீழே பைண்டிங் மெசின் பாதி வெட்டில் நின்றது.
அண்ணை யாரையோ ஏசினார், மின்சார சபையாய் இருக்கும்.
வந்தபோது திரை கேட்டது:
பழையபடி திறக்கவா?
ஓம்.
முப்பத்தொரு தாவலும் வந்தன,
வெங்காயம், பூஞ்சணம், ஈரப்பதன், பூஞ்சணம்.
என்னுடையதும் வந்தது.
பெட்டிகள் மட்டும் வெறுமை.

பெயரிலிருந்து தொடங்கினேன்.
நாலாவதில் ஓம் என்று குறியிட்டேன்,
அவ்வளவு நேரம் எடுக்கவில்லை.
கீழே நீலத்தில், அடுத்த பக்கம்.
பழக்கத்தில் சுண்டுவிரல் கொன்ட்ரோலுக்குப் போனது.
எடுத்தேன்.
இடது பொத்தான், ஒரே ஒரு தரம்.

இருந்த பக்கம் போய்விட்டது.

படியில் சத்தம், நிதுர்சன்,
கையில் இரண்டு ரோல்ஸ், ஒன்று எனக்காம்.
எத்தினை செத்தது அக்கா?
பத்தொன்பது.
நூற்று நாற்பத்துமூன்று மட்டும்
வெள்ளிடை பிடித்துச் சுத்திக்கொண்டே இருக்கு தம்பி,
திறக்கவும் இல்லை, இல்லையெண்டு சொல்லவும் இல்லை.
அதை என்னெண்டு எழுதட்டும்?